மஹ்தலத்தின் அமைதிக் கஷாயம்

ஷிராஸில் யாரும் ஓடுவதில்லை. ஒரு பேருந்து போனால் இன்னொன்று வரும். அடுப்பில் சோறு பிடித்துப்போனால் கவலையே இல்லை, அடியில் முறுகியதை யார் தின்பது என்றுதான் வீட்டில் சண்டை நடக்கும். இப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, நாற்பத்து மூன்று வருஷமாகக் காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு திரிந்தவள் மஹ்தலத். அவள் நடந்து பார்த்ததாகக் கடைத்தெருவில் ஒருவர்கூடச் சத்தியம் செய்ய மாட்டார்கள்.

மூடிய கடைத்தெருவில், செப்புப் பாத்திரக் கடைகள் முடிகிற இடத்தில் அவளுடைய மூலிகைக் கடை இருந்தது. நாலு எட்டு வைத்தால் அகலம் முடிந்துவிடும். தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி ஜாடிகள், வாசலில் பூவையும் இலையையும் காய்ச்சி வடித்த தீநீர்ப் புட்டிகள். லாவெண்டர் ஜாடியைத் திறப்பாள். திறந்த கையோடு எதிர்க்கடைக்கு ஏதோ சொல்ல வேண்டியது நினைவுக்கு வரும். ஓடுவாள். திரும்பி வரும்போது ஊர் வம்பு நாலு அவள் வாயிலிருக்கும், லாவெண்டர் அறவே மறந்துபோயிருக்கும். அவள் கடையில் வாங்க வருபவர்கள் ஜாடிகளின் மூடியையும் தாங்களே மூடிவிட்டுத்தான் போவார்கள். அது பழகிப்போன விஷயம், யாரும் குறையாக எடுத்துக்கொண்டதில்லை.

சின்ன வயதிலும் இதே கதைதான். பள்ளிக்கூடத்தில் மூன்று நாற்காலிகளை உடைத்தவள் என்ற பெயரோடு ஒன்பதாம் வகுப்பில் படிப்பை முடித்துக்கொண்டாள். அவளை ஓரிடத்தில் உட்கார வைக்க அவள் அம்மா காய்ச்சிக் கொடுக்காத கஷாயம் பாரசீகத்திலேயே கிடையாது. அவள் உட்காரவில்லை. ஆனால் ஒரு லாபம் உண்டு. எந்த வேரின் கசப்பு நாக்கில் எங்கே ஏறும், எந்தப் பூ எந்த மாதத்தில் பறித்தது என்பதெல்லாம் பத்து வயதிலேயே அவளுக்கு அத்துப்படி. படிப்பாளிகளான அண்ணன்கள் இருவரும் இஸ்பஹானுக்குப் போய்ப் பொறியாளர்களாகிவிட, அப்பாவின் கடை வேறு வழியில்லாமல் இவள் கைக்கு வந்தது. 'ஆறு மாசம்கூடத் தாங்காது' என்றார்கள். பதினேழு வருஷமாகிவிட்டது.

கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அமைதிக் கஷாயம்தான். நிலைகொள்ளாத பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தாய்மார்கள் வருவார்கள். மஹ்தலத் பிள்ளையின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்ப்பாள். ராத்திரி போர்வையை உதைக்கிறானா, இழுத்துப் போர்த்திக்கொள்கிறானா என்று கேட்பாள். சூட்டு உடம்பா குளிர்ச்சி உடம்பா என்று தெரிந்துகொண்டு கலப்பாள். ஊதா நிற மாட்டுநாக்குப் பூ ஒரு பிடி, உலர்ந்த எலுமிச்சை ஒன்று, கொஞ்சம் லாவெண்டர், குங்குமப்பூ இரண்டே இழை, கடைசியாக நாரத்தம்பூத் தீநீர் ஒரு கரண்டி. சில பிள்ளைகள் அடங்கினார்கள். சிலர் வயது ஏற ஏறத் தானாக அடங்கினார்கள். எல்லாப் புகழும் கஷாயத்துக்கே போனது. ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும், அவள் நம்பாமல் விற்றவள் இல்லை. நெஞ்சாரத்தான் நம்பினாள்.

ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் அடக்கியவளுக்கு ஒரு மகள். பெயர் பரஸ்தூ. எங்கள் பாரசீக மொழியில் அது தகைவிலான் குருவி. பெயர் வைத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும்! எட்டு வயது, இரண்டாம் வகுப்பு. ஒரு வாக்கியத்தைப் பேச ஆரம்பித்தால் அது முடிவதற்குள் மூன்று கேள்வி கேட்டு, நாற்காலியில் ஏறி, ஜன்னலில் எட்டிப் பார்த்து, இறங்கி, ஒரு கிளாசை உடைத்துவிடுவாள். பென்சில் தினம் ஒன்று தொலையும். கணக்கு எல்லாம் மனதுக்குள் சரியாகப் போடுவாள், தாளில் எழுதுவதற்குள் எழுந்துவிடுவாள்.

இலையுதிர் காலத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினார்கள். கவனக்குறைவு, மிகைத்துடிப்பு என்று அந்த அம்மாள் பெயர் சொல்லி, மாத்திரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். மஹ்தலத் அதை நாலாக மடித்துக் கொத்தமல்லி விதை ஜாடிக்கு அடியில் வைத்தாள்.

"சீட்டு எங்க?" என்றான் கணவன் இஸ்ஃபந்தியார். புஷெஹருக்குப் பேருந்து ஓட்டுபவன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசினால் தொண்டை வலிக்கும் என்று நினைப்பவன்.

"பத்திரமா இருக்கு."

"வாங்கலையா?"

"நல்லா இருக்கே! மஹ்தலத் பொண்ணு மாத்திரை சாப்பிடறான்னு தெரிஞ்சா நாளைக்கு எவ என் கடை வாசப்படி ஏறுவா? நானே என் மூஞ்சில கரியைப் பூசிக்கணுமா?"

அவன் அன்றைக்கான வார்த்தைகளைச் செலவழித்துவிட்டதால் பேசாமல் தேநீரைக் குடித்தான்.

வசந்தம் வந்தது. நாரத்தை மரங்கள் பூத்துக் கொட்டி, ஊரே மணந்தது. எங்கள் ஊரில் பெண்களை மரியாதையாகக் 'கானும்' என்போம். ஒரு நாள் பள்ளி ஆலோசகர் நவாபி கானும் மஹ்தலத்தைக் கூப்பிட்டனுப்பினாள். நல்லவள்தான், ஆனால் சுற்றி வளைக்கத் தெரியாதவள்.

"உக்காருங்க மஹ்தலத் கானும். ஜன்னல்கிட்ட போகாதீங்க, இங்க உக்காருங்க. விஷயம் இதுதான். இன்னும் மூணு வாரத்துல பரஸ்தூவுக்கு ஒரு தேர்வு வைக்கறேன். என் எதிர்ல நாப்பது நிமிஷம் உக்காந்து நாலு தாள் முடிக்கணும். முடிச்சா இதே வகுப்புல தொடரலாம். இல்லைன்னா அடுத்த வருஷம் ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கற சிறப்புப் பள்ளிக்குத்தான் அனுப்புவாங்க."

மஹ்தலத் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். சிறப்புப் பள்ளி கெட்ட இடம் என்று அவள் நினைக்கவில்லை. ஆனால் பரஸ்தூவுக்கு உலகத்திலேயே இருந்த ஒரே தோழி அந்த வகுப்பின் மூன்றாவது பெஞ்சில் இருந்தாள். விஷயம் தெரிந்த அன்று குழந்தை அழுத அழுகையில் மாடி வீட்டு ஷம்சி இறங்கி வந்து கதவைத் தட்டிவிட்டாள்.

"அழாதடி. அம்மா இருக்கேன்ல? மூணு வாரம் போதும். ஒரு நாள் விடாம குடுக்கறேன், பாரு."

இதுவரை மகளுக்குக் கொடுத்ததெல்லாம் நினைத்தால் ஒரு நாள், மறந்தால் ஒரு வாரம் என்றுதான் இருந்தது. இப்போது சமையலறைக் கதவில் சிவப்புத் துணி கட்டி, அதைப் பார்த்துப் பார்த்துத் தினமும் காலையில் ஒரு கோப்பை கொடுத்தாள். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பரஸ்தூ கோப்பையைக் குடித்துவிட்டு அந்தச் சிவப்புத் துணியிலேயே ஊஞ்சலாடினாள்.

ஆனால் கடையில் ஓர் அதிசயம் நடந்தது. பக்கத்து வீட்டுத் தூபா கானும் வந்தாள். தேநீர் குடித்தாள், உடம்பு விசாரித்தாள், வானிலை விசாரித்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"அபாதேயில என் மச்சினியோட பேத்தி ஒருத்தி இருக்கா, மஹ்தலத். எட்டு வயசு இருக்கும். ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கறாளாம். உன் கையால ஏதாவது குடேன்."

"உள்ளங்கை சுடுமா?"

"சுடும், சுடும். நேத்துகூடத் தொட்டுப் பா... சுடுதாம்."

"அப்போ பூனைவேர் தர்றேன். நாத்தம் குடலைப் புடுங்கும், தெருப் பூனையெல்லாம் வாசல்ல வந்து நிக்கும். ஆனா கேக்கும். ராத்திரி மட்டும் அரைக் கோப்பை. கூடக் குடுத்துடாதீங்க!"

"உன் கை நோகாம இருக்கட்டும் கண்ணு."

மறுநாள் ரொட்டிக் கடைக்காரர் மனைவி எஃபத் வந்தாள். மர்வ்தஷ்தில் அவள் அக்கா பேரன் ஒருவன் பாத்திரமெல்லாம் உடைக்கிறானாம். அவளுக்கு லெட்டூஸ் தீநீர் இரண்டு புட்டி. அதற்கடுத்த நாள் மாடி வீட்டு ஷம்சி. புஷெஹரில் ஒன்றுவிட்ட தங்கையின் மகள். அவளுக்கு லாவெண்டரும் மாட்டுநாக்குப் பூவும் ஒரு பொட்டலம். மஹ்தலத் ஒவ்வொருத்திக்கும் கால் மணி நேரம் விளக்கம் கொடுத்தாள். உற்சாகம் தாங்கவில்லை.

"இந்த வசந்தத்துல மாகாணம் முழுக்கப் பிள்ளைங்க துள்ளுதுங்க!" என்றாள் எதிர்க்கடை ஃபத்துல்லாவிடம். அவர் செப்புத் தட்டு தட்டுபவர், வாய்த் துடுக்கு அதிகம்.

"உன் பொண்ணைப் பாத்துக் கத்துக்கிச்சுங்களோ என்னவோ" என்றார் அவர்.

"இன்னும் பத்து நாள் பொறுங்க. அப்புறம் இந்த வாய் எங்க போய் ஒளியுதுன்னு பாக்கறேன்."

இரண்டாம் வாரம் நடுவில் அது நடந்தது! ஒரு மத்தியானம் மஹ்தலத் வீட்டுக்கு வந்து பார்க்கிறாள், பரஸ்தூ தரை விரிப்பில் உட்கார்ந்திருக்கிறாள். சும்மா. கையில் ஒரு பச்சைப் பிளம் பழம், அதைக் கடிக்கக்கூட இல்லை. உட்கார்ந்தே இருக்கிறாள். மஹ்தலத் கதவோரம் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷமும் தான் அசையாமல் நின்றதை அவள் கவனிக்கவில்லை.

"என் உயிரே! என் ராஜாத்தி!" என்று ஓடிப்போய் அள்ளிக்கொண்டாள். "உக்காந்திருக்கியேடி!"

"ஆமாம்மா" என்று பரஸ்தூ மெதுவாகச் சிரித்தாள். "நான் ரொம்ப நேரமா உக்காந்திருக்கேன்."

மஹ்தலத்துக்குத் தலைகால் புரியவில்லை. அன்று கடைத்தெரு முழுவதும் அவள் செலவில் ஃபாலூதா தின்றது. வாயெல்லாம் பல்லாக ஒவ்வொரு கடையாகப் போய்ச் சொன்னாள். ஃபத்துல்லா எலுமிச்சைச் சாறு கூடக் கொஞ்சம் கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, "சரிம்மா, ஜெயிச்சுட்டே" என்றார். அடுத்தடுத்த நாட்களில் குழந்தை இன்னும் அமைதியானாள். தட்டில் வைத்த கோஸ் சாதத்தை நாற்காலியை விட்டு இறங்காமல் சாப்பிட்டாள். டீச்சர் திட்டவில்லை. தெருவில் அவள் நடந்தால் பின்னால் இரண்டு பூனைகள் நடந்தன.

"பாத்தியா? அமைதியா இருக்கற பிள்ளையை வாயில்லா ஜீவன்கூடத் தெரிஞ்சு வெச்சிருக்கு" என்றாள் கணவனிடம்.

இஸ்ஃபந்தியார் மகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "கண்ணு சொருகுதே."

"கண் வெச்சிடாதே! போய் வண்டியைத் துடை."

தேர்வு நாள் காலையில் தன் கஷாயத்தைக் கொடுத்து, மகளின் வெள்ளைத் தலைத்துணியைச் சரிசெய்து, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு அனுப்பினாள். பெற்றோர் வரக்கூடாது என்று நவாபி கானும் சொல்லியிருந்தாள். கடைக்குப் போனாள். ஜாடிகளைத் திறந்தாள், மூடினாள், புட்டிகளை இடம் மாற்றினாள், மறுபடி பழைய இடத்தில் வைத்தாள். வந்தவர்களிடமெல்லாம் "இந்நேரம் ரெண்டாவது தாள் எழுதிட்டிருப்பா" என்றாள். பத்தரைக்குத் தொலைபேசி அடித்தது.

"உடனே வாங்க" என்றாள் நவாபி கானும். "பரஸ்தூ தூங்கறா. எழுப்ப முடியலை."

மஹ்தலத் ஓடினாள். கடைத்தெரு ஆட்கள் வழக்கம்போல் ஒதுங்கி வழிவிட்டார்கள், எப்போதும் ஓடுகிறவள்தானே என்று. ஃபத்துல்லா மட்டும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுத்தியலைக் கீழே வைத்தார். "என்னம்மா?" என்றதற்கு, "தூங்கறாளாம், எழுந்திரிக்கலையாம்" என்று கத்திக்கொண்டே போனாள்.

பரஸ்தூ மேஜைமேல் கன்னத்தை வைத்து, வாயைத் திறந்து, பென்சில் பிடித்த கையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். முதல் தாளில் அவள் பெயர் மட்டும் இருந்தது, அதிலும் கடைசி எழுத்து கோணிக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. உலுக்கினால் கண்ணைத் திறந்தாள், அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள், மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். நவாபி கானுமின் காரில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் பறந்தார்கள்.

இலையுதிர் காலத்தில் சீட்டு எழுதிய அதே டாக்டரம்மாதான் இருந்தாள். நாடி பார்த்தாள், மூச்சைக் கேட்டாள், கண்ணில் விளக்கடித்தாள். "மூச்சு சீரா இருக்கு. உயிருக்குப் பயமில்லை. ஆனா என்ன குடுத்தீங்க?"

மஹ்தலத் ஒவ்வொன்றாக ஒப்பித்தாள். பூ, எலுமிச்சை, லாவெண்டர், குங்குமப்பூ, தீநீர். "ஒரே ஒரு கோப்பை டாக்டர். காலையில மட்டும்."

"அவ்வளவுக்கு இப்படித் தூங்க மாட்டா. வேற?"

"வேற எதுவுமே இல்லை! என் பொண்ணு மேல சத்தியமா!"

டாக்டரம்மா குழந்தையின் தலைத்துணியை முகர்ந்து முகத்தைச் சுளித்தாள். மஹ்தலத்தும் குனிந்து முகர்ந்தாள். இருநூறு மூலிகையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மூக்கு அது. மாதம் முழுவதும் அந்த வேரையே நிறுத்து விற்றுக்கொண்டிருந்ததால், வீட்டில் அடித்த வாடையைத் தன் உடம்பு வாடை என்றே நினைத்துவிட்டது.

"பூனைவேர்" என்றாள். "ஆனா இதை நான் குடுக்கவே இல்லையே!"

அந்த நேரம் பார்த்து வராந்தாவில் ஒரே சத்தம். ஃபத்துல்லாவின் வாய்வழியாகச் செய்தி தெருவுக்குப் போய்விட்டிருந்தது. முதலில் வந்தவள் தூபா கானும். வீட்டுச் செருப்போடு, கையில் பிளாஸ்கோடு, தலையில் அடித்துக்கொண்டு வந்தாள்.

"நான்தான் மஹ்தலத்! என் கை ஒடியட்டும்! தினம் ராத்திரி அரைக் கோப்பைதான் குடுப்பேன், இன்னிக்குப் பரீட்சையாச்சேன்னு காலையில பூனைவேர் கஷாயம் ஒரு முழுக் கோப்பை குடுத்துட்டேன்!"

"நீங்களா? அது அபாதேக்கு வாங்கினதில்லையா? உங்க மச்சினி பேத்திக்கு?"

"எனக்கு அபாதேயில யாருமே இல்லைம்மா."

அதற்குள் எஃபத் மாவுக் கையோடு வந்து நின்றாள். "நீங்களும் குடுத்தீங்களா?" என்று தூபாவைப் பார்த்து வாயைப் பிளந்தாள். "நான் தினம் ஸ்கூல் விட்டு வர்றப்போ லெட்டூஸ் தீநீர் குடுப்பேன். இன்னிக்குப் போறப்பவே ரொட்டிக் கடையில நிறுத்தி ரெண்டு டம்ளர் குடுத்தேன்."

பின்னாலேயே ஷம்சி. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். புஷெஹர் தங்கையும் இல்லை, மகளும் இல்லை என்பது அந்த அழுகையிலேயே தெரிந்தது.

நாலு கோப்பைகள். தினமும். ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி. எல்லாம் மஹ்தலத் கையால் நிறுத்துக் கட்டிக் கொடுத்தது, 'நல்லாக் கேக்கும், பாருங்க' என்று அவளே உற்சாகமாக வழியனுப்பி வைத்தது. தேர்வு நாளென்று மற்ற மூன்று பேரும் அளவைக் கூட்டியிருந்தார்கள்.

"ஏன்? ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?" என்று அலறினாள்.

"எப்படிச் சொல்றது?" என்றாள் தூபா கானும் மூக்கைச் சிந்திக்கொண்டே. "மருந்துக் கடைக்காரி மூஞ்சியைப் பாத்து, 'உன் மருந்து உன் பொண்ணுக்கே பத்தலை, இன்னும் கொஞ்சம் குடு'ன்னு கேக்க முடியுமா? மரியாதைன்னு ஒண்ணு வேண்டாமா? அன்னிக்கு அந்தக் குழந்தை அழுததை நாங்களும்தானே கேட்டோம்?"

"உங்க மரியாதையில தீயை வைக்க!" என்றாள் மஹ்தலத். சொல்லிவிட்டுத் தூபா கானுமின் தோளிலேயே சாய்ந்து அழுதாள். வேறு யார் தோள் இருக்கிறது அங்கே?

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் பேனாவைக் கீழே வைத்தாள். சாயங்காலத்துக்குள் எழுந்துவிடுவாள், அதுவரை இங்கேயே இருக்கட்டும், எல்லாக் கஷாயத்தையும் இன்றோடு நிறுத்துங்கள் என்றாள். "செடியில இருந்து வந்தாலும் மருந்து மருந்துதான், மஹ்தலத் கானும். இது உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? சரி, நான் எழுதின சீட்டு என்ன ஆச்சு?"

"கொத்தமல்லிக்கு அடியில இருக்கு."

"அது எல்லாப் பிள்ளைக்கும் ஒத்து வரும்னு நான் சொல்லலை. சின்ன அளவுல ஆரம்பிப்போம். வாராவாரம் கூட்டிட்டு வாங்க, பாத்துப் பாத்து மாத்துவோம்."

வெளியே நின்ற நவாபி கானும், பள்ளி மாற்றத்தை முடிவு செய்யும் கமிட்டி கூடுவதற்கு முன்னால் தேர்வுக்குக் கடைசியாக ஒரு நாள் தருகிறேன் என்றாள். மூன்று வாரம் கழித்து. அதற்குமேல் தன் கையில் இல்லை என்றாள்.

நாலு மணிக்குப் பரஸ்தூ எழுந்து தண்ணீர் கேட்டாள். கட்டிலோரத்தில் மஹ்தலத் மட்டும் இருந்தாள். மகளின் நெற்றியிலிருந்து முடியை ஒதுக்கிக்கொண்டே கேட்டாள்.

"நாலு பேர் குடுத்ததையும் குடிச்சியேடி. கசக்கலையா?"

"கசந்துச்சு. தூபா பாட்டி குடுத்தது அப்பா சாக்ஸ் மாதிரி நாறிச்சு."

"அப்புறம் ஏன்டி குடிச்சே? என்கிட்ட ஏன் சொல்லலை?"

பரஸ்தூ தண்ணீர் டம்ளரை அம்மாவிடம் நீட்டினாள்.

"அதைக் குடிச்சா தூக்கம் தூக்கமா வரும்மா. நான் தூங்கித் தூங்கி உக்காந்திருந்தா நீ என்னைப் பாத்துச் சிரிக்கறே. நான் முழிச்சிருந்தா 'ஐயோ பரஸ்தூ'ன்னு மட்டும்தான் சொல்லுவே."

மஹ்தலத் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டரம்மா வந்து போகச் சொல்லும்வரை எழாமல் உட்கார்ந்திருந்தாள். நெஞ்சு எரிந்தது. இத்தனை வருஷம் எத்தனை பிள்ளைகளின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தோம், இதன் முகத்தைப் பார்க்காமல் விட்டோமே என்று எரிந்தது.

மறுநாள் கடை திறந்ததும் கொத்தமல்லி ஜாடியைத் தூக்கிச் சீட்டை எடுத்தாள். மருந்தகம் கடைத்தெரு முகப்பிலேயே இருக்கிறது. ஊருக்கு அந்தப் பக்கம் போய், முகம் தெரியாத மருந்தகத்தில் வாங்கிப் பைக்குள் மறைத்துக்கொண்டு வந்திருக்கலாம். அவள் நேராக முகப்புக்கு நடந்தாள். ஆமாம், நடந்தாள். செப்புக் கடைகளில் சுத்தியல் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. வரிசையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், பாதிப் பேர் அவளுடைய வாடிக்கைக்காரர்கள்.

"இந்த மாத்திரை வேணும்" என்றாள், கடைசிக் கடைவரை கேட்கும் குரலில். "என் பொண்ணு பரஸ்தூவுக்கு. என் கஷாயம் அவளுக்குக் கேக்கலை."

மருந்தகத்துப் பையன் சீட்டை வாங்கவே மறந்து நின்றான். ஃபத்துல்லாதான் முதலில் வாயைத் திறந்தார். "அப்போ அந்த அமைதிக் கஷாயம்?"

"இருக்கு. பெரியவங்களுக்கு, அளவோட. நீங்க ஒரு கோப்பை குடிச்சுட்டு வாயை மூடிக்கிட்டுத் தட்டைத் தட்டுங்க."

கடைத்தெருவே சிரித்தது. ஆனால் சிரித்தவர்கள் எல்லாரும் திரும்பி வரவில்லை. பிள்ளைகளோடு வந்த தாய்மார்களிடம் அவள் இப்போது, "முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க, அப்புறம் என்கிட்ட வாங்க" என்றாள். பாதிப் பேர் அடுத்த சந்து மூலிகைக் கடைக்குப் போனார்கள். பதினேழு வருஷப் பெயர் அது. வலித்தது. வலிக்கவில்லை என்று அவள் யாரிடமும் நடிக்கவில்லை.

மாத்திரை முதல் வாரம் பசியைக் கெடுத்தது, டாக்டரம்மா அளவைக் குறைத்தாள். மஹ்தலத் மறந்துவிடுவாள் என்று தெருவுக்கே தெரியுமாதலால் தூபா கானும் தினமும் காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டினாள். "குடுத்தியா?" எஃபத் ரொட்டியோடு வந்து கேட்டாள். "குடுத்தாச்சா?" ஷம்சி மாடியிலிருந்து கத்தினாள். மூன்று பேரும் ஒரு சொட்டுத் தேநீர்கூடக் குழந்தைக்குக் கொடுக்கவில்லை. பரஸ்தூ மறுபடி துள்ளினாள், பேசினாள், கேள்வி கேட்டாள். ஆனால் ஆரம்பித்த வாக்கியத்தைச் சில சமயம் முடிக்கவும் செய்தாள்.

கடைசித் தேர்வு நாள். பள்ளி வராந்தாவில் மஹ்தலத். நாற்பது நிமிஷம். உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினாள், சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையை நாலு தடவை படித்தாள், ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை. மகள் வெளியே வரும்போது இந்த முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று யோசித்தாள். ஜெயித்தாலும் தோற்றாலும் அவள் முதலில் பார்க்கப்போவது இந்த முகத்தைத்தான்.

கதவு சுவரில் மோதித் திறந்தது. பரஸ்தூ ஓடி வந்தாள். ஒரு ஷூ காலில், ஒன்று கையில், தலைத்துணி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, வழியிலிருந்த குப்பைத் தொட்டியை உருட்டிவிட்டு, "அம்மா, அவங்க கடிகாரம் நாலு நிமிஷம் ஸ்லோ, நான் கண்டுபிடிச்சேன், அப்புறம் மூணாவது தாள்ல யானை இருந்துச்சு, அதுக்கு ஒரு கால் இல்லை, ஏம்மா ஒரு கால் இல்லை?" என்று கத்திக்கொண்டே வந்து, இரண்டடி தள்ளிச் சட்டென்று நின்றாள். தான் ஓடி வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

மஹ்தலத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கவே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, வராந்தா முழுக்க எதிரொலிக்கச் சிரித்தாள். பின்னால் நவாபி கானும் நாலு தாளையும் தூக்கிக் காட்டி, "முடிச்சுட்டா, மஹ்தலத் கானும்! நாலும் முடிச்சுட்டா! இங்கேயே படிக்கட்டும், வந்து கையெழுத்துப் போடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழவே இல்லை.

பரஸ்தூவுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. கையிலிருந்த ஷூவோடு அம்மாவை அண்ணாந்து பார்த்தாள்.

"நான் இப்ப தூங்கலையேம்மா. எதுக்குச் சிரிக்கறே?"